சிப்பாயின் இருதயமும் சர்க்காரின் தராசும்

பட்டாளத்தில் பதினைந்து இருபது வருஷம் உழைத்த சிப்பாய் ஒருவருக்குக் குண்டு பட்டுக் கால் போய்விட்டால், அதற்குக் காரணம் இன்னதென்று விசாரிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படுவதில்லை. காயம் கண்ணுக்குத் தெரிகிறது. பட்ட இடமும் நாளும் ரிஜிஸ்தரில் இருக்கின்றன. அதே சிப்பாயின் இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் நாளம் அடைபட்டு, மூட்டை தூக்கவோ மாடிப்படி ஏறவோ முடியாதவராய் அவர் வீடு திரும்பினால், அப்பொழுதுதான் வழக்குப் பிறக்கிறது. "இது எங்கள் வேலையால் வந்த நோயன்று, உம்முடைய பரம்பரையாலும், உம்முடைய சாப்பாட்டாலும், உம்முடைய பீடியாலும் வந்தது" என்று சர்க்கார் சொல்லுகின்றனர். "பட்டாளத்தில் சேரும்போது உங்கள் டாக்டர்தானே என் மார்பில் குழாயை வைத்துப் பார்த்து, குறைவில்லை என்று எழுதினார்?" என்று சிப்பாய் கேட்கிறார். இவ்விருவர் பேச்சில் நியாயம் யார் பக்கம் என்பதையும், அந்த நோய்க்கு இத்தனை சதவீதம் ஊனம் என்று எவ்வாறு நிறுத்துப் போடுகிறார்கள் என்பதையும் இன்று சிறிது விஸ்தாரமாக ஆராய விரும்புகிறோம்.

இது டில்லிக்காரர்களின் விவகாரம், நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணலாகாது. காஞ்சிபுரம் ஜில்லாவிலே ராஜகுளம் போன்ற சிற்றூர்களில் ஒரு பிள்ளை ஏர் பிடிப்பதும், இன்னொரு பிள்ளை பட்டாளத்துக்குப் போவதும் புதுமையல்ல. திரும்பி வந்தவர் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. அதில் இங்கிலீஷில் இரண்டே வரி. அந்த இரண்டு வரியின் அர்த்தம் தெரியாமலே ஆயுள் முழுவதும் கழித்தவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம், பெயர் வேண்டாம். பத்தொன்பதாவது வயதில் ராஜகுளத்திலிருந்து போய்ச் சேர்ந்தார். ராஜஸ்தானத்து மணலிலும் காஷ்மீரத்துப் பனியிலும் மாறி மாறி இருந்தார். முப்பத்தெட்டாவது வயதில், யுத்த முனையில் அன்று, உள்நாட்டிலுள்ள ஒரு கண்டோன்மெண்டில் இருக்கும்போது மார்பு வலி கண்டது. ராணுவ ஆஸ்பத்திரியில் நாளத்திலுள்ள அடைப்பைப் படம் பிடித்துப் பார்த்து, ஸ்டெண்ட் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். பிறகு இலேசான வேலையில் வைத்திருந்து, தவணை முடிந்ததும் அனுப்பினார்கள். அனுப்புமுன் வைத்திய போர்டு கூடிற்று. போர்டார் எழுதியது இவ்வளவே: இருதய நாள நோய், ஊனம் 30 சதவீதம், ஆயுள் பரியந்தம், சேவையால் விளைந்ததன்று, சேவையால் முற்றியதுமன்று, சமாதான ஸ்தலத்தில் தோன்றியது. முதல் வாக்கியத்தில் கொடுத்ததை இரண்டாவது வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பது சதவீதம் என்று எழுதிய பேனாவே அந்த முப்பதுக்கு ஒரு காசும் இல்லை என்று தீர்த்துவிட்டது.

ஏனெனில் நம் தேசத்து ராணுவ ஊனப் பென்ஷனுக்கு இரண்டு பூட்டுகள். நோய்க்கும் சேவைக்கும் சம்பந்தம் உண்டா என்பது முதற்பூட்டு. ஊனம் எவ்வளவு என்பது இரண்டாவது; அது 20 சதவீதத்துக்குக் குறையலாகாது. தரைப்படைக்குரிய 1961-ஆம் வருஷத்துப் பென்ஷன் விதிகளில் 173-வது விதி இவ்விரண்டையும் சேர்த்தே கேட்டது. இருதய நோயில் இரண்டாவது பூட்டு எளிதில் திறந்துகொள்ளும். கோர்ட்டுகளுக்கு வந்த வழக்குகளைப் பார்த்தால் போர்டார் பெரும்பாலும் 30 சதவீதமோ அதற்கு மேலோ எழுதியிருக்கக் காண்கிறோம். சண்டையெல்லாம் முதற்பூட்டில்தான்.

சம்பந்தத்தை யார் ருஜுப்பிக்க வேண்டும்? சட்டம் அறிந்தவர்களுக்கு இதுவே மூலக் கேள்வி. 1982-ஆம் வருஷத்து உரிமை விதிகள் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருந்தன. சேரும்போது குறித்துவைத்த குறைகளைத் தவிர, மற்றபடி சிப்பாய் பூரண ஆரோக்கியத்துடன் சேர்ந்தார் என்று அநுமானிக்க வேண்டும். பிறகு வைத்தியக் காரணத்தால் அவர் வெளியேற்றப்பட்டால், தேகத்தில் நேர்ந்த சீர்கேடு சேவையால் நேர்ந்தது என்றே அநுமானிக்க வேண்டும். உரிமை கோருபவரை ருஜுக் கொண்டுவா என்று கேட்கலாகாது. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. சேரும்போது நடத்திய பரீட்சையில் கண்டுபிடிக்க இயலாத நோய் இது என்று டாக்டர்கள் கருதினால், அதற்குக் காரணத்தை எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த அபிப்பிராயத்துக்கு மதிப்பில்லை.

விதி இப்படியிருக்க, வழக்கம் வேறாயிருந்தது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் "சேவைச் சம்பந்தமற்ற தேகக்கூற்று நோய்" என்று ஒரே வாக்கியத்தை எல்லாருக்கும் எழுதி வந்தார்கள். அதற்கும் முன்னே இன்னும் விசித்திரமான ஒரு பழக்கம் இருந்தது. வைத்திய போர்டு சிப்பாயை நேரில் பார்த்து ஓர் அபிப்பிராயம் எழுதும். அலகாபாத்திலுள்ள பென்ஷன் கணக்கு ஆபீஸார் அவர் முகத்தையே பாராமல் அதைத் திருத்திவிடுவார்கள்! நாடி பிடித்தவர் சொன்னதைப் பேரேடு பிடித்தவர் மாற்றினார். 1993-ல் சாப்பர் மோஹிந்தர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், மறு பரீட்சை செய்யாமல் போர்டின் அபிப்பிராயத்தின் மேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லக் கணக்கு ஆபீஸாருக்கு அதிகாரமில்லை என்று கண்டித்தார்கள்.

மூலக் கேள்விக்கு முடிவான பதில் 2013-ஆம் வருஷம் ஜூலை 2-ந் தேதி தரம்வீர் சிங் வழக்கில் கிடைத்தது. அது இருதய வழக்கன்று, காக்கை வலிப்பு வழக்கு. ஆனால் அதில் வகுத்த நெறி எந்த நோய்க்கும் பொருந்தும். சேரும்போது குறிப்பில்லையென்றால் நோய் சேவையில் எழுந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று சொல்லும் பொறுப்பு எஜமானனாகிய சர்க்காருடையது. காரணம் கூறாத போர்டு அபிப்பிராயம் செல்லாது என்று கோர்ட்டார் விதிகளை வரி வரியாக எடுத்துக் காட்டினார்கள். 2015 பெப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கில் பல மேல்முறையீடுகளை ஒன்றாக விசாரித்து இதே நெறியை மறுபடியும் ஊர்ஜிதம் செய்தார்கள். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வைத்திய நிபுணர்களின் அபிப்பிராயத்துக்கு உரிய கனம் கொடுக்க வேண்டும் என்று 2009-ல் தாமோதரன் வழக்கிலும், 2019-ல் நரசிங் யாதவ் வழக்கிலும் அதே கோர்ட்டார் சொல்லியிருக்கிறார்கள். அவ்விரண்டும் மனோவியாதி பற்றியவை. போர்டு காரணம் சொன்னால் கோர்ட்டு கேட்கும், சொல்லாவிட்டால் கேளாது என்று இவையனைத்தையும் சேர்த்து வாசிக்கிறோம். அதில் முரண்பாடு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இருதய நோயில் காரணம் சொல்வது எப்படி? ராணுவ டாக்டர்களுக்கு வழிகாட்டி என்று ஒரு புஸ்தகம் உண்டு. 2002-ல் வெளியாகி, 2008-ல் திருத்தப்பட்டது. அதில் ரத்தக் குறைவால் வரும் இருதய நோயைப் பற்றிய பகுதியை நாம் ஒருமுறைக்கு இருமுறை படித்தோம். அதை எழுதினவர் வைத்தியமும் அறிந்தவர், மனிதரையும் அறிந்தவர். கடும் மன உளைச்சலாலும் தேக சிரமத்தாலும் நாளத்தில் படிந்த கொழுப்புப் படலம் வெடித்து, ரத்தம் உறைந்து, மார்படைப்பு நேரலாம் என்று அது ஒப்புக்கொள்ளுகிறது. யுத்த முனையில் இருந்தாரா, சமாதான ஸ்தலத்தில் இருந்தாரா என்பதை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது பிழை என்றும், சமாதான ஸ்தலத்திலும் உழைப்பும் உளைச்சலும் குறைவல்ல என்றும் சொல்லுகிறது. அசாதாரணமான சிரமத்தை ஒட்டி நோய் எழுந்தால் சேவையால் விளைந்தது எனலாம். மலையுச்சியிலோ, கலகப் பிரதேசத்திலோ, கப்பலிலோ, நீர்மூழ்கியிலோ இருக்கும்போது எழுந்தால் சேவையால் முற்றியது எனலாம். நோய் கண்ட நாளுக்கு முந்திய பதினான்கு நாட்களில் சிப்பாய் என்ன வேலை செய்தார் என்ற விவரத்தை அவருடைய படைப்பிரிவிடமிருந்து வாங்கிப் பார்ப்பது நடைமுறை.

இந்தப் பதினான்கு நாள் கணக்கில்தான் ராஜகுளத்துக்காரர் விழுந்துபோகிறார். மார்பு வலி வந்த பதினைந்து நாளில் அவர் ஸ்டோர் ரூமில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு பதினாறாயிரம் அடி உயரத்தில், மூச்சுக்குக் காற்றுப் போதாத இடத்தில், உறக்கமின்றி இருந்தது கணக்கில் வராது. குண்டுக் காயத்துக்குப் பதினான்கு நாள் கணக்குப் பொருந்தும்; விஷக் கடிக்குப் பொருந்தும். வருஷக்கணக்கில் படிப்படியாகச் சேரும் நோய்க்கு அது எப்படிப் பொருந்தும்?

இது எவ்வளவு மெதுவாக வரும் நோய் என்பதற்கு ராணுவத்திலேயே கிடைத்த சாட்சி ஒன்று இருக்கிறது. கொரிய யுத்தத்தில் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இருதயங்களை அறுத்துப் பரிசோதித்து, ஈனோஸ், ஹோம்ஸ், பேயர் என்னும் மூன்று டாக்டர்கள் 1953-ல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. அவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு இருதய நாளங்களில் நோயின் அடையாளம் அப்பொழுதே கண்ணுக்குத் தெரிந்தது. வைத்திய உலகம் திடுக்கிட்டது. ஓடியாடித் திரிந்த வாலிபர்கள். ஒருவருக்கும் நோவென்று ஒரு நாளும் தெரியாது.

இந்த உண்மையைச் சர்க்கார் வக்கீலும் எடுத்து வீசலாம், சிப்பாயின் வக்கீலும் வீசலாம். "பார், விதை முன்னமே இருந்தது, சேவை என்ன செய்யும்?" என்பார் முன்னவர். "விதை எல்லாரிடத்திலும் இருந்தது, அது முளைத்து நாளத்தை அடைத்தது சிலரிடத்தில் மட்டும் ஏன்?" என்பார் பின்னவர். நாம் இரண்டாவது வாதத்தையே பலமுள்ளதாகக் கருதுகிறோம். 52 தேசங்களில் மார்படைப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான இண்டர்ஹார்ட் ஆராய்ச்சி, நோயைத் தூண்டும் ஒன்பது காரணங்களைக் குறிப்பிட்டது. புகையிலை, கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு மன உளைச்சலும் அதில் ஒன்று. தென்னாசியாவில் முதல் மார்படைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற இடங்களில் 59-ஐ ஒட்டியது என்று அதே ஆராய்ச்சியிலிருந்து 2007-ல் தெரியவந்தது. நம்மவர்க்கு இந்நோய் சீக்கிரம் வருகிறது. ஆகையால் சேவைக் காலத்துக்குள்ளேயே வருகிறது. பீடியும் எண்ணெய்ப் பலகாரமும் குற்றமற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. ஒன்பது காரணங்களில் எட்டைச் சிப்பாயின் தலையில் ஏற்றி, ஒன்பதாவதை ரிஜிஸ்தரிலிருந்து அடித்துவிடுவது நியாயமன்று என்றே சொல்லுகிறோம்.

சிப்பாயின் இருதயத்தைப் பற்றிய தர்க்கம் நேற்று முளைத்ததன்று. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் படபடப்பும் மார்பு நோவும் கண்ட சிப்பாய்களைப் பரிசோதித்து டாக்டர் டா கோஸ்டா 1871-ல் எழுதிய கட்டுரை இன்றும் பிரசித்தம். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தார் ஆயிரக்கணக்கில் இதே புகாரோடு திரும்பினார்கள். குழாயில் ஏதோ ஓசை கேட்டதென்று டாக்டர்கள் பலரை இருதய நோயாளிகள் என்று தள்ளிவிட்டார்கள். ஜேம்ஸ் மெக்கென்ஸியும் தாமஸ் லூயிஸும்தான் இதைத் தடுத்துக் கேட்டவர்கள். இருதயம் என்ன ஓசையிடுகிறது என்பதன்று கேள்வி, என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி என்றார் மெக்கென்ஸி. லூயிஸ், முதலில் ஹாம்ஸ்டெட்டிலும் 1917 முதல் கோல்செஸ்டரிலும் நடந்த ராணுவ இருதய ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கடினமாகும் தேகப்பயிற்சி கொடுத்து, எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது என்று பார்த்துத் தரம் பிரித்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் ஓடும் பட்டையில் நம்மை நடக்கவிட்டுப் பார்க்கிறார்களே, அதற்கு அந்தக் கவாத்து மைதானத்தையும் ஒரு மூதாதை எனலாம்.

அமெரிக்கர் தமது முன்னாள் சிப்பாய்களின் இருதயத்தை நிறுப்பது இந்த முறையில்தான். மெட் என்பது ஓர் அளவு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் உபயோகிக்கும் பிராணவாயு ஒரு மெட். சமதரையில் நடந்தால் மூன்று மெட் வரை ஆகும். ஓடினால் ஏழு எட்டைத் தாண்டும். 2021 நவம்பரில் அமலுக்கு வந்த அவர்களுடைய பொது அட்டவணைப்படி, 3 மெட் உழைப்புக்குள்ளேயே மூச்சுத் திணறல், மார்பு வலி, மயக்கம் முதலியன கண்டால் 100 சதவீத ஊனம். 3-க்கு மேல் 5 வரையில் கண்டால் 60. 5-க்கு மேல் 7 வரையில் கண்டாலோ, இருதயம் வீங்கியிருப்பது படத்தில் தெரிந்தாலோ 30. 7-க்கு மேல் 10 வரையில் கண்டாலோ, நித்தியம் மருந்து உண்ண வேண்டியிருந்தாலோ 10. நோயாளியே தமது கடுதாசியை எடுத்து வைத்துக்கொண்டு, தமக்கு எத்தனை என்று ஏறக்குறையக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சம்பந்தத்தைப் பற்றிய விஷயத்திலும் அவர்கள் தாராளமே. இரு பக்கச் சாட்சியமும் சமமாயிருந்தால் ஜயம் சிப்பாய்க்கு. வெளியேறிய ஒரு வருஷத்துக்குள் இருதய நோய் குறித்த அளவில் தோன்றினால் சேவையில் வந்ததாகவே அநுமானம். வியட்நாமில் காடுகளை அழிக்கத் தெளித்த ஏஜெண்ட் ஆரஞ்சு என்னும் விஷ மருந்துக்கும் இருதய நாள நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் மிக ஜாக்கிரதையான பாஷையில் சொன்னார்கள். அது போதுமென்று 2010 ஆகஸ்டில் அந்நோயை அநுமானப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தேசத்தின் செல்வம் நமக்கில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அட்டவணையைப் பகிரங்கமாக வைப்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை.

சரி, ராஜகுளத்துக்காரருக்கு முதற்பூட்டுத் திறந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது என்ன? 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 என்பது விகிதம். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாயென்றால் முழு ஊனத்துக்கு 12,000. அதில் 30 சதவீதம் 3,600 ரூபாய். 1996 முதல் இதில் ஒரு சலுகை வந்தது. 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் கொள்ள வேண்டும். அதன்படி 3,600 என்பது 6,000 ஆகும். ஆனால் நோயால் தவணைக்கு முன்பே வெளியேற்றப்பட்டவருக்குத்தான் இந்தச் சலுகை, தவணை முடித்துப் போனவருக்கில்லை என்று சர்க்கார் வெகுநாள் வாதித்தனர். நோயோடு இருந்தும் கடைசி நாள் வரை வேலை செய்தவர் அந்தக் குற்றத்துக்காக 2,400 ரூபாயை இழக்க வேண்டும்! 2014 டிசம்பர் 10-ந் தேதி ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் அந்தப் பேதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அதே வருஷம் சுக்விந்தர் சிங் வழக்கில், ஊனத்தின் பேரில் வேலையிலிருந்து அனுப்பினால் அந்த ஊனம் 20 சதவீதத்துக்கு மேற்பட்டதென்றே கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டு, ஊனம் பத்து சதவீதந்தான் என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு?

சிப்பாய் இருதய நோயால் இறந்தே போனால் சம்பந்தக் கேள்வி விதவையின் வீட்டு வாசலுக்குப் போகிறது. சேவையால் நேர்ந்த மரணமென்றால் விசேஷக் குடும்பப் பென்ஷன், சம்பளத்தில் நூற்றுக்கு 60. இல்லையென்றால் சாதாரண விகிதம் நூற்றுக்கு 30.

இனி, சர்க்கார் பக்கத்து வாதத்தில் மெய்யான பகுதியை மறைப்பது நமக்கு அழகன்று. 2023-ல் வெளியான தணிக்கை அதிகாரியின் அறிக்கை, 2015-16 முதல் 2019-20 வரையில் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் நூற்றுக்கு 36 முதல் 40 பேர் வரையும், அவர்களுக்குக் கீழுள்ள படைவீரர்களில் நூற்றுக்கு 15 முதல் 18 பேர் வரையும் ஊனத் தொகை பெற்றதாகக் காட்டிற்று. ரத்த அழுத்தம், நீரிழிவு முதலிய வாழ்க்கைமுறை நோய்கள் அதில் பெரும் பங்கு வகிப்பதையும் எடுத்துச் சொல்லிற்று. இந்த எண்களைப் பார்த்ததும் நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. பனியில் காவல் நிற்பவரைக் காட்டிலும், காவலுக்கு உத்தரவு போடுபவருக்கா இரட்டிப்பு ஊனம்? அதிகாரிகள் அதிக வயதுவரை சேவையிலிருக்கிறார்கள், ஆகையால் நோயும் அதிகம் என்று சமாதானம் கூறலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. படித்தவருக்கு எந்த போர்டிடம் எப்பொழுது எதைச் சொல்ல வேண்டுமென்று தெரியும் என்பதும் அதே அளவு உண்மை. மேலே நடந்த துஷ்பிரயோகம் எவ்வளவாயினும், அதைத் தடுக்க வைக்கும் வேலி முதலில் குத்துவது கீழே நிற்பவரைத்தான்.

அந்த வேலி 2023 செப்டம்பர் 21-ந் தேதி முதல் போடப்பட்டது. அன்று முதல் வெளியேறுவோருக்குப் புதிய உரிமை விதிகளும் டாக்டர்களுக்குப் புதிய வழிகாட்டியும் அமலாயின. நோயோடு சேவையில் தொடர்ந்து தவணை முடித்தவர்களுக்கு ஊனத் தொகை என்ற பெயர் போய், குறைபாட்டு நிவாரணம் என்ற பெயர் வந்தது. முன்னாள் படைவீரர் பலர் ஆட்சேபித்தார்கள். உண்மையான ஊனமுற்றோரைப் பாதிக்காமல் துஷ்பிரயோகத்தைத் தடுப்பதே நோக்கம் என்று ராணுவத் தலைமையகம் பதில் சொல்லிற்று. நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வாழ்க்கைமுறை என்ற ஒரே வார்த்தையைப் பிரயோகிப்பதைச் சந்தேகிக்கிறோம். எந்த ஊரில் இருப்பது, எப்பொழுது எழுவது, லங்கரில் எதைத் தின்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பெண்டு பிள்ளைகளைப் பார்ப்பது என்பவற்றில் ஒன்றையாவது சிப்பாய் தாமே தீர்மானித்ததுண்டா? பிறர் வகுத்த வாழ்க்கையை வாழ்ந்தவரிடம் உன் வாழ்க்கைமுறையால் வந்த நோய் என்று சொல்வது, நமக்குப் பொருத்தமாகப் படவில்லை.

நமது ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சபையார், 919, 921 ஆகிய வருஷங்களில், வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் விதிகளைச் சுவரில் கல்லெழுத்தாக வெட்டி வைத்தார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கால் வேலிக்கு மேல் நிலம். சொந்த மனையில் வீடு. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தள்ளுபடி என்று போகிறது பட்டியல். அந்த விதிகளில் இன்று நாம் ஒப்பாதவை பல உண்டு. ஆனால் தள்ளப்பட்டவர் சுவரண்டை போய், தாம் எந்த வரியால் தள்ளப்பட்டோம் என்று கேட்டறிய முடிந்தது. ஆயிரத்து நூறு வருஷத்துக்குப் பின், அதே சீமையிலிருந்து பட்டாளத்துக்குப் போனவருக்குத் தாம் தள்ளப்பட்ட வரி எதுவென்று தெரிவதில்லை. போர்டின் நடவடிக்கைக் காகிதத்தை, சிப்பாய் வாசிக்கும் பாஷையில் விளக்கத்தோடு, அன்றே அவர் கையில் கொடுப்பதை ஒரு விதியாகவே செய்ய வேண்டும் என்று கோருகிறோம். பதினான்கு நாள் கணக்குக்குப் பதிலாகச் சேவைக் காலம் முழுவதிலும் அவர் இருந்த இடங்களின் ஜாபிதாவைப் போர்டின் முன் வைக்க வேண்டும். உழைப்புத் தாங்கும் சக்தியை அளந்து பார்த்த எண்ணையும் காகிதத்தில் எழுத வேண்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

அதுவரையில், காகிதம் கையிலுள்ளவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறோம். கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் கமிட்டிக்கு எழுத வேண்டும். அங்கும் தோற்றால் மறுபடி ஆறு மாதத்துக்குள் இரண்டாவது கமிட்டிக்கு. பிறகு ராணுவ டிரைபியூனல். 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட அதற்குச் சென்னையிலேயே ஒரு பெஞ்சு இருக்கிறது. டில்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. டிரைபியூனல் தீர்ப்பின் மேல் ஹைக்கோர்ட்டுக்குப் போகும் வழி நடுவிலே அடைபட்டிருந்தது; 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் அதைத் திறந்துவிட்டார்கள். அந்த வழியைச் சிப்பாயைக் காட்டிலும் சர்க்காரே அதிகம் உபயோகித்தனர் என்பது வேறு விஷயம். டிரைபியூனல் கொடுத்த ஊனப் பென்ஷன்களை எதிர்த்துச் சர்க்கார் போட்ட ஏறக்குறைய 300 மனுக்களை டில்லி ஹைக்கோர்ட்டார் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தார்கள். இத்தகைய அப்பீல்களைக் குறைக்க வேண்டுமென்று, மனோகர் பாரிக்கர் ராணுவ மந்திரியாயிருந்தபோது 2015-ல் அமைத்த நிபுணர் கமிட்டி முன்னமே சொல்லியிருந்தது.

வெகு வருஷம் கழிந்துவிட்டதே என்று மனம் சோர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பென்ஷன் மாதந்தோறும் எழும் உரிமையாகையால், தாமதம் ஒன்றையே காரணமாகக் காட்டி மனுவைத் தள்ளமாட்டார்கள். ஆனால் 2008-ல் தர்செம் சிங் வழக்கில் ஏற்பட்ட நெறிப்படி, பின்பாக்கி சாதாரணமாக மனுப் போட்ட தேதிக்கு முந்திய மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும். வெளியேறிப் பதினைந்து வருஷம் கடந்து, அதற்குள் சேவைக் காகிதங்கள் அழிக்கப்பட்டுவிட்டால், ருஜுப் பாரம் கோருபவர் மேல் விழும் என்று 2008-ஆம் வருஷத்து விதிகள் சொல்லுகின்றன. ஆகையால் 2010-ல் வெளியேறி, இன்னும் பெட்டியில் காகிதத்தை மடித்து வைத்திருப்பவருக்குக் கெடு ஏற்கெனவே கழிந்துவிட்டது. 2013-ல் வந்தவருக்கு நாள் நெருங்கிவிட்டது. அவர்கள் ஜில்லா முன்னாள் படைவீரர் நல ஆபீஸுக்கு இந்த வாரமே போய், போர்டின் நடவடிக்கை நகல் ஒன்று கேட்டு மனு எழுதிக் கொடுப்பது உத்தமம்.